மறிக்க ஆள் வரவில்லை

மல்லசமுத்திரம்
சித்திரை 14, 1983

அன்பு மகன் குழந்தைவேலுக்கு ஆத்தா எழுதுவது. ராஜஸ்தான் வெயிலில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கச் செங்கோட்டு வேலவனை வேண்டுகிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை சாமி, உயிரோடு இருக்கிறோம்.

திருமணிமுத்தாறு செத்துவிட்டது. ஏற்காட்டு மலையில் மேகம் கூடுகிறது, இங்கே வந்து சேருவது அனல்காற்றுதான். கரைத் தென்னையெல்லாம் மட்டை தொங்கி நிற்கிறது. மணலில் இரண்டு ஆள் ஆழம் ஊற்றுத் தோண்டி ஒரு குடத்துக்கு அரை நாள் காத்துக் கிடக்கிறோம். மாசியில் நம் தோட்டத்தில் போட்ட போர்க் கிணற்றில் முந்நூறு அடிக்கும் புழுதிதான் வந்தது. நீ போர் போடும் ரிக் வண்டியோடு சீமை சீமையாய்ப் போய் ஊராருக்குத் தண்ணீர் காட்டுகிறாய், பெற்றவளுக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது, இதை யாரிடம் சொல்லி அழ?

போன வெள்ளிக்கிழமை மழைச்சோறு எடுத்தோம். நீயும் சின்னதில் பார்த்ததுதான், பெண்டுகள் வீடுவீடாய் உப்பில்லாக் கூழ் வாங்கி ஆற்றில் வைத்துக் குடித்து, மழையில்லாத ஊர் வேண்டாம் என்று ஒப்பாரி வைத்து மூட்டையோடு கிளம்புவோம், ஆம்பளைகள் ஓடி வந்து மறித்துக் கூட்டிப் போவார்கள். இந்தத் தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம், ஒருத்தரும் வரவில்லை, கரையிலேயே நின்றார்கள். பக்கத்து வீட்டு ராமாத்தாள் தாங்காமல், ஏனுங்க, வந்து கூப்புடுங்க என்று கத்தினாள். உன் அய்யன்தான், எந்த மொகத்த வெச்சுட்டு இருங்கன்னு சொல்றது, போறதுன்னா போயிருங்க என்றார். அது கோபம் இல்லை சாமி, அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நாங்களாகவே தலையைக் குனிந்துகொண்டு திரும்பினோம். மறுநாளே ராமாத்தாள் குடும்பத்தோடு குமாரபாளையத்துக்குத் தறி ஓட்டப் போய்விட்டாள்.

அன்று முதல் உன் அய்யனுக்குச் சோறு இறங்குவதில்லை. ஊற்றை இன்னும் ஆழமாக்குகிறேன் என்று ஒண்டியாய்க் குழிக்குள் இறங்குகிறார். நேற்று மணல் சரிந்து இடுப்புவரை மூடிவிட்டது, நானும் கூலிக்கு வரும் சின்னாயியும் சேலையைப் போட்டு இழுத்தோம். நாமும் குமாரபாளையம் போயிடலாமுங்க என்று காலைப் பிடித்தேன், நீ போ, நா இந்த ஆத்த உட்டுப்போட்டு வாரதில்ல என்கிறார். இன்றும் கடப்பாரையோடு இறங்கிவிட்டார், குழிமேட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் தலையோடு வெயிலில் நிற்காதே, நூறு வயசு நல்லா இரு. பதில் எழுதிக்கொண்டிருக்காதே, முதலாளியிடம் சொல்லிவிட்டு நீயே வா. என் பேச்சுக்கு ஏறாத மனுசன் நீ வந்து நின்றால் ஏறுவார். சின்னாயியும் நாளைக்கு ஊரை விட்டுப் போகிறாள், நான் ஒருத்தி இழுத்தால் அவர் மேலே வரமாட்டார் சாமி.

உன் ஆத்தா
சௌந்திரம்