பச்சைப் புடவைக்குள் இருந்த மூன்றாவது சிடி

அண்ணி,

உங்கள் அலமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. பதினாறாம் நாள் காரியம் போன வாரம்தான் முடிந்தது. புடவைகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வாங்கித் தந்து, நீங்கள் ஒரு நாளும் கட்டாத அந்தப் பச்சைப் புடவையை உதறினேன். உள்ளேயிருந்து ஒரு சிடி உருண்டோடிக் கட்டிலுக்கடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் தவில் படம், கீழே மூன்று என்று எண். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தச் சிடியைத் தொலைத்தவள் என்று பதினெட்டு வருடமாக இந்தக் குடும்பத்தில் எனக்குப் பெயர்.

அப்போது நாம் சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்து ஆறு மாதம். உங்களுக்கும் எனக்கும் பேச்சு, சோறு வெந்ததா, வெந்தது என்ற அளவோடு சரி. மலாக்காவுக்குப் போன உங்கள் தம்பி அந்தத் தவில் சினிமாவை மூன்று சிடியாக வாங்கி வந்தார். லயனிலேயே சிடி பிளேயர் நம் வீட்டில்தான். ஞாயிறு மதியம் அக்கம்பக்கம் எல்லாரும் பாயோடு வந்துவிட்டார்கள்.

படத்தில், சாபம் வாங்கிய கந்தர்வன் ஒருவன் பழைய தவிலுக்குள் அடைபட்டுக் கிடப்பான். தாளமே வராத ஒருவன் அதைத் தட்டிவிடுவான். அந்தச் சத்தம் காதில் விழுந்தவர்கள் அதன்பிறகு எதையும் பாடித்தான் சொல்ல முடியும். போலீஸ்காரர் பாடி விசாரிப்பார், திருடன் பாடியே ஒப்புக்கொள்வான். கோடி வீட்டு அக்கா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு நம் பாயில் தெறித்தது.

எந்தப் படமானாலும் அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் உங்களுக்குத் தலை வெடித்துவிடும். இரண்டு சிடி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. காத்திருந்த கூட்டத்துக்கு நீங்களே முடிவைச் சொன்னீர்கள்.

"சாபம் தீந்தாலும் அவன் போவ மாட்டான்லா. மேல எல்லாருமே நல்லா பாடுறவங்க, அங்க என்னா சிரிப்பு இருக்கு? தவிலுக்குள்ளயே இருந்துக்குவான்."

அப்படி இல்லையென்றால் இனிமேல் படம் பார்க்கும்போது வாயே திறக்க மாட்டேன் என்று சபதமும் போட்டீர்கள். லயனே கேட்டது. கரண்டு வரவில்லை. மிச்சத்தை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று எல்லாரும் கலைந்தார்கள்.

அடுத்த ஞாயிறு பெட்டியில் மூன்றாவது சிடி இல்லை. "நீதான்லா காலையில கூட்டுன?" என்றீர்கள். லயன் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால், அலமாரிக்கடியில், கோழிக்கூண்டில்கூடத் தேடினேன். நீங்களும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கூடவே வந்து தேடினீர்கள். அந்த டார்ச் லைட்டை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஆனால் அந்த வாரம்தான் அடுப்படியில், சாம்பாரில் உப்பில்லை என்று நீங்கள் இழுத்துப் பாடினீர்கள். உப்பு டப்பா உங்கள் கைக்கிட்டே என்று நானும் பாடினேன். அதன்பிறகு நம் சண்டைகள் எல்லாமே பாட்டில்தான். என் ரசம் உங்கள் ரசத்தைவிட நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை பாடினீர்கள். பேச்சில் சாகும்வரை ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று மதியம் பழைய பிளேயரைத் தூசி தட்டி, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது தப்பு, அண்ணி. சாபம் தீர்ந்த நிமிடமே கந்தர்வன் பூந்தேரில் ஏறிப் போய்விடுகிறான். தவில் தட்டியவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடையில் ஒரு நாள் நீங்கள் தனியாகப் பார்த்திருக்கிறீர்கள், சபதம் நினைவுக்கு வந்து சிடியை ஒளித்துவிட்டீர்கள். அதை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுகை வந்துவிட்டது. நீங்களும் அப்படித்தானே போனீர்கள். காலையில் தேத்தண்ணி குடித்தீர்கள், மதியம் நீங்கள் இல்லை.

வேலை முடிந்து வந்த உங்கள் தம்பி மேசைமேல் பிளேயரைப் பார்த்தார். "என்னா, நீ தொலைச்ச சிடி கெடச்சிருச்சா?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. சிடி என் முந்தானைக்குள் இருந்தது. காட்டினால் என் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அன்றைக்கே நீங்கள் தோற்று, சொன்ன வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்த வீட்டில் ஒரு படமாவது ருசித்திருக்குமா?

"இல்லைங்க. அது போனது போனதுதான். நான்தானே கூட்டித் தள்ளினேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மகள், அந்தப் படம் எப்படித்தான் முடியும் என்று கேட்டாள்.

"அவன் போவ மாட்டான்டி. தவிலுக்குள்ளயே இருந்துக்குவான். உன் அத்தை சொல்லியிருக்காங்க."