ஆர்க்கிட் சாப்பிட்டாச்சு

இந்தாம்மா,

நம் மகளைக் கூட்டிவரப் போகிறேன். அவளை "போடி" என்று விரட்டிவிட்டு நீ பட்டினி கிடக்கிறாய். அவள் விட்டுப்போன ஆர்க்கிட் செடியோ மூன்று வேளையும் சாப்பாடு கேட்கிறது. நேற்று வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீர் விட்டேன், ஏப்பம் விட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஃப்ரிட்ஜில் ஜாடியில் இருப்பது அதுதான். டீ என்று குடித்துவிடாதே. நிறையத் தண்ணீர் கலந்து வேருக்கு மட்டும் விடு, குருத்தில் பட்டால் அழுகிவிடும். உன் சோறு அடுப்பு மேல் இருக்கிறது.

வீட்டுச் சாவியை நான் எடுத்துப்போகவில்லை, ஆணியிலேயே தொங்கட்டும். அவள் வந்தால் கதவை நீதான் திறக்கவேண்டும். வருவாளா, தெரியவில்லை.

பி.கு.: என்னைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்பாள். செடி பிழைத்ததா, அம்மா சாப்பிட்டாளா. செடியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பேன். மற்றதற்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.