மீன் வயிற்றில் வைத்தது

ஹூனா,
ஜூன் 5

அன்புள்ள வெர்னா சித்திக்கு,

பெட்டிக்குள் இருப்பவளுக்குச் சுகமில்லை, அனுப்புகிறவளுக்கும் அப்படித்தான். உங்கள் பறவை ஆஸ்பத்திரியில் யாரும் அவளைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெட்டியின் மேல் ‘சிறகில் அடி’ என்று அம்மா எழுதியிருக்கிறாள். அது தவறு.

ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்து வீட்டு டேரலும் ஒரு சால்மன் மீனின் வயிற்றில் தூண்டில் ஈயக்குண்டுகளைத் திணித்துத் தைத்தோம். பெரியது நான்கு, பட்டாணி அளவில் ஒன்பது. யோசனை என்னுடையது. கழுகு பிடித்த மீனை லேசில் விடாது, தூக்க முடியாவிட்டால் சிறகைத் துடுப்பாக்கி நீந்தும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதைப் பார்க்க ஆசை. அலை தொடும் பாறையில் மீனை வைத்தோம்.

பெட்டிக்குள் இருக்கும் இந்தக் கழுகுப் பெண் மரத்திலிருந்து சத்தமில்லாமல் சரிந்து வந்தாள். நகங்கள் மீனில் இறங்கின. எழும்பப் பார்த்து, தண்ணீரில் விழுந்தாள். விடவில்லை. “ஏய், உங்க குலத்து ராணி துடுப்பு போடுறாடி!” என்று டேரல் உருண்டு சிரித்தான். அவன் காக்கைக் குலம், சிரிக்கலாம். கழுகைச் சொந்தமென்று சொல்லும் நம் குலத்தில் பிறந்த நான் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

கரையேறி அங்கேயே தின்றாள். அவள் போன பிறகு தேடினோம். பெரிய குண்டுகள் நான்கும் கிடைத்தன, சின்னதில் ஆறுதான். கக்கிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை, அவள் கூடு இருக்கும் மரத்தடியில் தலை தொங்கிக் கிடந்தாள். கோட்டைப் போர்த்தித் தூக்கி வந்தது நான்தான். அதனால் ஊரே என்னைக் கொண்டாடுகிறது. “வாலு வாலுன்னு திட்டுனோமே, கடைசியில இவதான் அந்த உசுரக் காப்பாத்துனா” என்று அம்மா வீடு வீடாகச் சொல்கிறாள். பொரித்த ரொட்டியில் முதல் ரொட்டி எனக்கு. அதை டேரலிடம் தள்ளிவிட்டேன்.

கூட்டில் இரண்டு குஞ்சுகள். முன்பு ஒருவர் காவல், ஒருவர் வேட்டை. இப்போது ஆண் கழுகு கிளம்பினாலே அண்டங்காக்கைகள் கூட்டை வட்டமிடுகின்றன. பாதி வழியில் வெறுங்காலோடு திரும்பிவிடுகிறான். நேற்று நல்ல மீன் ஒன்றை மரத்தடியில் வைத்தேன். அவன் சீந்தவில்லை. நானாக இருந்தாலும் சீந்தியிருக்க மாட்டேன்.

கடல்சிங்கம் கடித்துவிட்டதென்று போன வருஷம் பொய் சொல்லி உங்களை ஓடிவர வைத்தவள் நான். இதையும் நம்ப மாட்டீர்கள் என்றுதான் அந்தச் சின்னக் குண்டுகளில் ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் இதே மாதிரி மூன்று தெரியும். சிறகு கிடக்கட்டும், ஈய விஷம் ஏறியிருக்கும், முதலில் வயிற்றைப் பாருங்கள் சித்தி.

விமானம் கிளம்பியதும் அம்மாவிடம் நானே சொல்லப் போகிறேன். கழுகு பிழைக்காவிட்டால், சின்னப் பெண்தானே என்று என்னிடம் மறைக்காதீர்கள். பிழைத்தால் எனக்குப் பதில்கூடப் போட வேண்டாம். முதல் விமானத்தில் அவளை ஏற்றிவிடுங்கள். இரண்டு வாய்கள் திறந்தபடி இருக்கின்றன.

உங்கள் அக்கா மகள்,
ரொவீனா