போன மாதம் வலது பக்கம்

என் தங்க மகளுக்கு,

நாம் சேர்ந்து சொன்ன பொய் முடிந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தும்போதெல்லாம் உனக்குக் குரல்கள் கேட்டன. மாதம் ஒரு ஊசி என்று ஆன பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாய். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் அதைப் போட்டுக்கொள்ள, "அம்மாவுக்கு மேலுக்கு முடியல" என்று சொல்லியே ஏலத்தோட்டத்திலிருந்து மாதாமாதம் போடிக்கு இறங்கி வந்தாய்.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டா அத்தை. இனிமே ஊசிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க நோயாளியா நடிக்க வேணாம்" என்று சிரித்தார். நல்ல மனிதர்.

போன மாதம் வலது பக்கம் போட்டார்கள். இந்த முறை இடது பக்கம் போடச் சொல். போட்ட இடத்தைத் தேய்க்காதே. கை நடுங்கினால் டாக்டரிடம் மறைக்காதே.

எனக்கு இப்போது நிஜமாகவே மேலுக்கு முடியவில்லை. சொன்னால் மாப்பிள்ளை மறுபடியும் சிரிப்பார். நீயாவது நம்பி வா.

உன் அம்மா