சத்தியநாதன் சார் சொன்ன கட்-ஆஃப்

மே 15, 2007

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். எல்லாம் நான் சொன்னபடியேதான். மெஹ்னாஸ் கணக்கில் நூற்றெண்பது தாண்டுவாள், வேதியியல் காலை வாரும் என்று ஜனவரியிலேயே சொன்னேன். அப்போது என் தங்கை மெஹர் பானு, "வாயைக் கழுவுண்ணே" என்றாள். இப்போது அவள் மகள் கணக்கில் 184, இயற்பியலில் 170, வேதியியலில் 166.

பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனிடம் யாருடைய மார்க் ஷீட்தான் வராது? நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனாலும் எந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் என்று ஊரே என்னைத்தான் கேட்கிறது. கேட்காதவர்களுக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

மூன்று மார்க்கையும் கூட்டி மூன்றால் வகுத்து, "173 கட்-ஆஃப், கவலையே வேண்டாம்" என்றேன். மெஹ்னாஸ் சிரிக்காமல் சொன்னாள்: "கணக்குல பாதி, மத்த ரெண்டுலயும் கால்வாசி மாமா. 176 வருது."

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

மே 27

தங்கை வீட்டுக்காரர் அயூப் மச்சான், மெஹ்னாஸின் அத்தா, முடிவாகச் சொல்லிவிட்டார். "தெனம் வூட்டுக்கு வந்து போற தூரத்துல சீட்டு கெடச்சா இன்ஜினியரிங் படிக்கட்டும். ஹாஸ்டல்னா வேணாம் சாஜித். அது நமக்கு ஒத்து வராது." தோல் கம்பெனியில் கட்டிங் வேலை செய்பவர். கத்தி மாதிரியே பேச்சும்.

பக்கத்து மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குக்கு அவள் மகள் பெயர் வந்திருக்கிறது. ஜூன் எட்டுக்குள் அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தால் திரும்ப வாங்குவது லேசில்லை. அசல் இல்லாமல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போக முடியாது. ஆக, ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

இந்த வருடம் நுழைவுத் தேர்வை வேறு எடுத்துவிட்டார்கள். போன வருடக் கணக்கு எதற்கும் உதவாது. 176-க்குத் தாம்பரம் பக்கம் கிடைக்குமா, நாகர்கோவிலுக்குத் தள்ளுவார்களா, யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஜூன் 4

எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 7

மச்சான் சர்டிபிகேட் கவரை எடுத்து மேசை மேல் வைத்தார். "நாளைக்குப் போய்க் கொடுத்துட்டு வரேன்." மெஹ்னாஸ் எங்களுக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

நான் பேசினேன். கவுன்சிலிங் நடக்கும் ஹாலிலேயே வேலை செய்யும் சத்தியநாதன் சார் நம் கடைக்குத்தான் ஜெராக்ஸ் எடுக்க வருவார்; 170 வரைக்கும் தாம்பரம் பக்கம் சீட் உண்டு என்று அவர் வாயாலேயே சொன்னார் என்றேன்.

"எல்லாரும் தெரியாதுங்கிறாங்களேண்ணே?" என்றாள் பானு.

"தெரியாதவங்களைக் கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க."

மச்சான் என்னையே பார்த்தார். "ஆளு இன்னா, நம்பலாமா?"

"தங்கமான மனுஷன் மச்சான். குரோம்பேட்டையில சொந்த வீடு. ரெண்டு பொண்ணும் இன்ஜினியர். மூத்தது பெங்களூர்ல கீது."

கவர் மறுபடி பீரோவுக்குள் போனது. வெங்காயம் நறுக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

சத்தியநாதன் சாரைப் பற்றி இந்த டயரியில் இதற்கு முன் எழுதியதில்லை. பெரிய ஆட்களைப் பற்றி எழுதி வைப்பது சரியில்லை.

ஜூன் 9

கெடு முடிந்தது. பி.எஸ்சி. இடம் வேறு யாருக்கோ போயிருக்கும்.

ஜூன் 28

கணக்கு வாத்தியார் ஏசுதாசன் கடைக்கு வந்தார். "இந்த வருஷம் எல்லாப் பசங்களும் மார்க்கை அள்ளிட்டாங்கப்பா. 176-லாம் வெளியூர்தான்." அவருக்கு எடுத்த ஜெராக்ஸ் பாதி கறுப்பாக விழுந்தது. வீட்டில் சொல்லவில்லை.

சாயங்காலம் மச்சான் கேட்டார். "உன் சார் இன்னா சொல்றாரு?" லீவில் இருக்கிறார் என்றேன்.

ஏன்டா சாஜித், உன்னை யாருடா கேட்டா? கையில இருந்த சீட்டு போச்சே. அந்தப் புள்ள ஒரு வருஷம் வூட்ல உக்காந்தா, அத்தாக்காரரு அடுத்த வருஷம் படிக்கவா அனுப்புவாரு? மாப்பிள்ளை பாக்கக் கெளம்பிடுவாரு.

ஜூலை 14

மெஹ்னாஸ் கவுன்சிலிங்குக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். எல்லாம் எடுத்து முடித்த பிறகு, "சத்தியநாதன் சார் எப்ப வருவாரு மாமா?" என்றாள்.

"வருவாரு, வருவாரு."

"வந்தா ஒண்ணு கேட்டு வைங்க. சீட்டு கெடைக்கலைன்னா எங்க அத்தாகிட்ட யாரு பேசுறதுன்னு."

காசு வாங்க மாட்டேன் என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூலை 19

கிண்டியில் கவுன்சிலிங். கூட ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள், மச்சான் போனார். நான் வெளியே நின்று காலியிடப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரம் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுக் காலேஜ்களில் இடங்கள் கரைந்துகொண்டே வந்தன. ஐ.டி. தீர்ந்தது. எலக்ட்ரானிக்ஸ் தீர்ந்தது. தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன். தெரியாததற்கு ஆமீன் மட்டும் சொன்னேன்.

முதலில் மச்சான்தான் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் புரியவில்லை. "சிவில் எடுத்துட்டா சாஜித். வண்டலூர் தாண்டினா காலேஜு. பஸ்ஸு போவுது. பொம்பளப் புள்ளைக்கு சிவிலான்னு கேட்டேன்…"

பின்னாலேயே வந்த மெஹ்னாஸ் முடித்தாள்: "சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேன்னு சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டாரு."

நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொன்னேன்.

ஜூலை 20

ஜும்ஆ முடிந்து மச்சான் தம்ரூட் இனிப்பு வாங்கிக்கொண்டு மகளோடு கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் நசுங்காமல் இரண்டு பெட்டிகள். ஒன்று எனக்கு, ஒன்று சத்தியநாதன் சாருக்கு. "வா, குரோம்பேட்டைக்குப் போய் ஒரு சலாம் சொல்லிட்டு வருவோம். அவரு பேச்சை நம்பித்தானே கவரை உள்ள வெச்சேன்."

"மதுரைக்கு மாத்திட்டாங்க மச்சான்."

"அடடா," என்றாள் மெஹ்னாஸ். "சொந்த வீட்டை விட்டுட்டா?"

மச்சான் டீ சொல்லப் போனார். அவள் இரண்டாவது பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை என் கையில் வைத்தாள். "சாருக்குப் பதிலா நீங்களே சாப்பிடுங்க மாமா. அவரு இல்லைன்னா நான் போயிருக்க முடியாது."

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

சத்தியநாதன் என்று ஒருவர் கிடையாது. அன்று கத்திச் சத்தம் நின்றபோது வாயில் வந்த பெயர் அது.