தையல் கடையில் ஒரு கம்ப்யூட்டர் குழு

அன்புள்ள அப்பாவுக்கு,

கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க ஒண்ணா கூடி, ஒருத்தருக்கொருத்தர் கத்துக்குடுக்க ஒரு குழு ஆரம்பிச்சேன். கள்ளக்குறிச்சியில இடம்தான் கிடைக்கல. நான் வேற சாதியில கட்டிக்கினேன்னு தெரிஞ்சதும் மண்டபத்துக்காரங்க முடியாதுன்னுட்டாங்க. கடைசியில ஷீபா அக்கா ஞாயித்துக்கிழமையில தன்னோட தையல் கடையைத் திறந்து விட்டாங்க. அப்பவும் புதுசா யாரும் வரல.

நேத்து அம்மா வந்து நின்னாங்க. கூடவே பக்கத்து வூட்டு அக்காங்க ரெண்டு பேரு.

"எங்களுக்கும் கத்துக்குடுடி"ன்னாங்க.

"யாரும்மா கூட்டியாந்தது?"

"இன்னாடி கேள்வி? உங்கப்பாதான். வண்டியை நிறுத்திக்கினு வெளியே நிக்கிறாரு."

எட்டிப் பார்த்தேன். என் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கிட்ட பேசாத நீங்க, ரோட்டைப் பார்த்துக்கினு நின்னீங்க. கூப்பிட்டா போயிடுவீங்களோன்னு பயந்து கூப்பிடல. ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் நேத்துதான் நல்லா தூங்கினேன்ப்பா.

வர்ற ஞாயித்துக்கிழமை உள்ளயே வந்து உட்காருங்க.

உங்க மக