செல்வியின் ஈறு இறங்கியது

வியாழன், பௌர்ணமிக்கு மறுநாள்.

அடி அண்ணாமலையிலிருந்து என் பல் மருத்துவமனைக்கு வரும் செல்வி இன்று முந்தானையால் வாயை மூடாமல் சிரித்தார். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரையால் அவருக்கு ஈறு வளர்ந்து பல்லைப் பாதி மூடியிருந்தது. இன்று அளந்தேன். நன்றாக இறங்கியிருந்தது.

"நல்லா கம்மியாயிடுச்சும்மா. என்ன செய்றீங்களோ அதையே செய்ங்க" என்றேன்.

"அந்த மாத்திரைய நிறுத்திட்டேன் டாக்டர். பொண்ணுக்கு நிச்சயம் வருது. போட்டோவுல சிரிக்கணும் இல்லீங்களா."

சிறுநீரகம் கொடுத்த கணவர் வெளியே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொன்னேன். அவர் திட்டவில்லை. செல்வியின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறுநீரக மருத்துவரிடம் போனில் பேசி, இருவரையும் உடனே அனுப்பிவைத்தேன்.

நாற்காலியை விட்டு எழும்போதே செல்வியின் முந்தானை மறுபடி வாய்க்குப் போய்விட்டிருந்தது.